தோற்றுப்போன கவுன்சிலரும் நூலகத்து நாற்காலியும்

பாலேந்திரா பன்னிரண்டு வருடங்கள் கவுன்சிலராக இருந்தவர். லண்டன் பிளேஸ்டோவில் பலர் கவுன்சில் வீட்டுக்கும், பெனிபிட் என்ற அரச உதவிப் பணத்துக்கும் அவரிடம்தான் சிபாரிசுக் கடிதம் வாங்கினார்கள். தேர்தலில் தோற்ற அடுத்த மாதமே, தமிழ் மன்றம் அவரைத் தன் நூலகத்துக்குப் பொறுப்பாளராக்கியது.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தவள் இம்மாகுலேற். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் காலை ஷிப்ட் முடித்து, ஒன்பது வருடங்களாக நேரே நூலகத்துக்கு வந்து, எல்லாப் புத்தகங்களுக்கும் தன் கையால் கொப்பிகளில் அட்டவணை எழுதியவள். மன்றத் தலைவர் செய்தி சொன்னபோது, "ஓம், நல்லது" என்றாள். வயிறு பற்றி எரிந்தது.

அன்றே அட்டவணைக் கொப்பிகளை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

"அட்டவணை ஒண்டும் இல்லையோ, தங்கச்சி?" என்று கேட்டார் பாலேந்திரா.

"இல்லை அண்ணை. எல்லாம் என்ரை மனசிலைதான்."

அவர் திண்டாடுவார் என்று காத்திருந்தாள். அவரோ வந்தவர்களோடு கதைத்துக்கொண்டே அலுமாரி அலுமாரியாகத் தேடினார். புத்தகம் கிடைக்காதவர்களும் சிரித்துக்கொண்டு போனார்கள். நாளுக்கு ஐந்தாறு பேர் வந்த இடத்துக்கு முப்பது பேர் வரத் தொடங்கினார்கள். தன் ஒன்பது வருடத்தில் இப்படி ஒருநாளாவது நடந்ததா என்று அவள் எண்ணிப் பார்த்தாள். நித்திரை வரவில்லை.

கஜந்தினி என்ற தாதி பழைய கும்மிப் பாட்டுப் புத்தகம் ஒன்று தேடி மூன்று தரம் வந்தாள். கல்யாண வீட்டில் பாட வேண்டுமாம். அது எங்கே இருக்கிறதென்று இம்மாகுலேற்றுக்குத் தெரியும். இரண்டு தரம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தரம் அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல், போய் எடுத்துக் கொடுத்தாள்.

"எப்பிடி உடனே பிடிச்சனீர்?" என்றார் பாலேந்திரா.

"எழுதி வைச்சிருக்கிறன்." வாய் தவறிவிட்டது.

மறுநாள் கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். ஏசவில்லை. "இவ்வளவு வேலை என்னாலை ஏலாது, தங்கச்சி," என்றார். அடுத்த கூட்டத்தில் தன் பதவியை அவளுக்கே கொடுக்கும்படி கேட்டு விலகினார். பிறகு இடைத்தேர்தலில் நின்று வென்று, மறுபடி கவுன்சிலரானார்.

இப்போது நாற்காலியில் இம்மாகுலேற் இருக்கிறாள். கேட்ட புத்தகம் உடனே கிடைக்கிறது. ஆனாலும் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை இண்டைக்கு வரேல்லையோ?"

"பதவி கிடைச்சிட்டுது. எரிச்சல்தான் இன்னும் போகேல்லை," என்று அக்கா தயாளினியிடம் சொன்னாள்.