ஜோஸ்பின் போட்ட நிபந்தனை

தேய்த்துக்கொண்டிருந்த குக்கர் மூடியோடு ஜோஸ்பினின் கை நின்றுபோனால், கணவன் கஸ்பார் வந்து குழாயை மூடிவிடுவான். "ஏ புள்ள, கணக்குக்குள்ள போயிட்டியா?" என்று அவளை மெல்ல நகர்த்தி நிறுத்திவிட்டு மிச்சப் பாத்திரங்களைக் கழுவுவான். அப்புறம்தான் தன் சிறுமலை வாழைப்பழக் கடையைத் திறக்கப் போவான்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் கணிதம் நடத்துகிறாள். பல வருடமாக மணிக்கணக்குச் சம்பளம். டாக்டர் பட்டம் வந்தால்தான் நிரந்தர வேலை.

'இருக்கு' என்ற சொல்லை லேசில் உதிர்க்க மாட்டாள். "சீனி இருக்கா டீச்சர்?" என்று பக்கத்து வீட்டு மாயம்மாள் கேட்டால், "பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே போவாள். கடவுளைப் பார்க்காமலே இருக்கிறார் என்று சத்தியம் செய்கிற ஊரில், சீனிக்குச் சாட்சி தேடுகிறவள்.

கணிதத்தில் குலம் ('குரூப்') என்று ஒன்று உண்டு; கூட்டினாலும் கழித்தாலும் வெளியே போகாத உறுப்புகளின் கூட்டம். அதற்குள் எது எதற்கு அருகில் என்று வகுப்பது அவள் ஆராய்ச்சி. கஸ்பாருக்கு ஒருநாள் விளக்கினாள்: "ஒட்டாத ரெண்டு திறந்த கணம், ஓரங்களச் சேத்தாலும் ஒட்டவே கூடாது. அதுக்காகப் புள்ளி புள்ளியா உதுந்தும் போயிரக்கூடாது."

"நம்ம தெருவும் மேலத்தெருவும் மாதிரியா?"

"அது மனுசன் போட்ட வேலிங்க. பிடுங்கிரலாம்."

இரண்டாயிரத்து மூன்றில் ஆய்வேடு முடிந்தது. அப்படியொரு குலத்தைக் கட்டிவிட்டதாக நான்காம் அத்தியாயம் சொன்னது. அச்சுப்பிழை திருத்தும்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. கட்டுமானம் முழுவதையும் தாங்கியது ஒரு தனிவகை அல்ட்ராஃபில்ட்டர். எந்த எண்கூட்டத்தைக் காட்டினாலும் அதுவோ அதில் சேராத மிச்ச எண்களோ, இரண்டில் ஒன்றை மட்டும் 'பெரிது' என்று தேர்கிற ஏற்பாடு அது. சாதாரண வகைக்குக் குறைவில்லை. ஆனால் இந்தத் தனிவகை உண்டென்று கணிதத்தின் வழக்கமான விதிகளை மட்டும் வைத்து நிறுவ முடியாது. 'எடுத்துக்கொள்வோம்' என்று அவளே கூசாமல் எழுதியிருந்தாள்.

"இருக்குன்னு நானே கதை அளந்துட்டேங்க" என்று அழுதாள்.

கஸ்பார் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "அப்ப இல்லைன்னு எழுதிரு."

"இல்லைன்னும் நிரூபிக்க ஏலாதே!" அழுகையோடு சிரித்தாள். மறுநாள் தேற்றத்தின் தலையில் 'அது இருந்தால்' என்று சேர்த்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்தார். நிபந்தனையற்ற முடிவென்று ஒரு மாநாட்டில் தம் பெயரையும் சேர்த்து ஏற்கெனவே அறிவித்திருந்தார். "யாரும்மா இம்புட்டு தோண்டிப் பாக்கப்போறா? அந்தச் சொல்ல எடுத்துட்டு வீட்டுக்கு வா, போட்டுத் தாரேன். இல்லேன்னா அந்த நிரந்தர வேலைய வேற ஆளு கொத்திட்டுப் போயிருவான்."

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. சில மாணவர்கள் அவற்றில் உட்காரலாம். ஜோஸ்பின் தெருக்காரர்களுக்கு வாசற்படியோடு சரி. இத்தனை வருடமும் அந்தப் படியில் நின்றே ஆராய்ச்சி பேசியவள், அன்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக உள்ளே போய் ஒன்றில் உட்கார்ந்தாள்.

"எடுக்க மாட்டேன் சார். தப்பாப் போயிரும்."

பேராசிரியர் நின்றபடியே முறைத்தார். அவள் நான்காம் அத்தியாயத்தை மடியில் விரித்துக்கொண்டாள். "வாங்க சார், சேந்து பாப்போம்" என்று, அவருக்காக மற்ற நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.