மாடி மேசையில் நான் சொல்லாத பதில்

1. முதல் நாள்

தலத்தெருவிலிருந்து நடந்தே வேலைக்குப் போன முதல் நாள், ஜூஸ் கடை முதலாளி பாய் என்னை மாடிக்கு அழைத்துப் போய் ஆறு மேசைகளைக் காட்டினார். அதற்கு ஃபேமிலி ரூம் என்று பெயர்.

“அஞ்சலை அக்கா, மேல வர்றதுல பாதிப் பேரு குடிக்க வர்றவங்க இல்ல. பொண்ணும் மாப்பிள்ளையும் மொத தடவ பாத்துக்க வர்றவங்க. ரெண்டு பேருக்கும் புடிச்சாத்தான் அப்புறம் வீட்டுல பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம். அதனால இங்க பாத்தது படியிறங்கக் கூடாது. புரிஞ்சுதா?”

தலையை ஆட்டினேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். தண்ணீர் வைக்க வேண்டும், எச்சில் டம்ளர் எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும். பேச வேண்டியதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். புது ஆட்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

கேட்காமல் பில் வைக்காதீர்கள். வைத்தால் எழுந்து போ என்று அர்த்தம். ஃபேனை இரண்டுக்கு மேல் திருப்பாதீர்கள், பெண்ணின் முடி ரோஸ் மில்க்கில் விழும். ஒரே ஐஸ்கிரீமுக்கு இரண்டு ஸ்பூன் கொண்டு போகாதீர்கள், இரண்டு பேரும் வெட்கப்பட்டுச் சாப்பிடவே மாட்டார்கள். இவை பாய் சொன்னவை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் உண்டு. போனைக் கவிழ்த்து வைக்கிறவர் நின்று நிதானமாகப் பேசுவார். திரை தெரிய வைக்கிறவர் பத்து நிமிடத்தில் கிளம்புவார். என்னை “ஏ, இந்தா” என்று கூப்பிட்டுவிட்டு எதிரே இருக்கும் பெண்ணிடம் “சொல்லுங்க, சொல்லுங்க” என்று குழைகிற ஆளைப் பார்த்தால் அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் ஒரு பெண்ணிடமும் சொன்னதில்லை.

2. மாறி உட்கார்ந்த மாப்பிள்ளை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது மேசையில் ஒரு பெண், ஐந்தாவது மேசையில் ஒரு பெண். படியேறி வந்த ஆள் போனைப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், ஐந்தில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் பேசிய பிறகு இன்னொரு ஆள் மூச்சு வாங்க ஏறி வந்து, “அது நான் பாக்க வேண்டிய பொண்ணுங்க” என்றார்.

உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். “போட்டோவுல கொஞ்சம் கலரா இருந்தாங்க. அதான் எனக்கும் யோசனையா இருந்துச்சு.”

“எனக்கு வந்த போட்டோவுலகூட தலை நெறைய முடி இருந்துச்சு. மரியாதைக்குத்தான் நானும் கேக்கல” என்றாள் அந்தப் பெண்.

மாடியே சிரித்தது. பாய் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “படியேறும்போதே ‘யாரப் பாக்க வந்தீங்க தம்பி’ன்னு ஒரு வார்த்த கேட்டா என்னக்கா கொறஞ்சு போயிருவீங்க?” அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கே கேட்டுப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

3. வாசுகி

வாசுகி தருமபுரத்துப் பெண். ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஸ்கூட்டியில் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவாள், ஆறாவது மேசையில்தான் உட்காருவாள். மூன்று தடவை மூன்று பேரைப் பார்த்தாள். ஒருவர் வந்ததும் சம்பளம் கேட்டார். ஒருவர் உயரம் கேட்டார். இன்னொருவர் எதுவுமே கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு இரண்டு டம்ளரையும் தானே எடுத்து வந்து என் தட்டில் வைப்பாள். “ஒங்களுக்கு முட்டி வலிக்குதுல்ல, இருங்கம்மா” என்பாள். நான் சிரிப்பேன்.

நான்காவது தடவை வந்தபோது உடனே உட்காரவில்லை. “இதாம்மா கடைசி. இதுவும் அமையலன்னா இனிமே யாரையும் வரச் சொல்ல மாட்டேன்னுட்டாரு எங்கப்பா. பொட்டு நேரா இருக்கா பாருங்க.”

நேராக இருந்தது. தலையை ஆட்டினேன்.

வந்தவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். போனைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். வாசுகி வாயைப் பொத்தாமல் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

பின்னாலேயே ஓர் அம்மா கை கழுவ மாடிக்கு வந்தார். மாப்பிள்ளையின் தாயார். அதுவரை கீழே காரில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“நீங்க எப்பவும் இங்கதான இருக்கீங்க? இப்ப எறங்கிச்சே அந்தப் பொண்ணு, முன்னாடி இங்க வந்திருக்கா? நல்ல மாதிரிதானா?”

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. முன்னாடி வந்திருக்கிறாளா என்றால் மூன்று தடவை, மூன்று பேரோடு. நல்ல மாதிரியா என்றால் அவளைப்போல ஒருத்தி அந்தப் படி ஏறியதில்லை. முதல் பதிலைச் சொன்னால் இரண்டாவது எடுபடுமா என்று பயம். படியிறங்கக் கூடாது என்று பாய் சொன்னதும் ஞாபகம் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. குனிந்து, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன்.

அந்த அம்மா என் கையைத் தொட்டார். “சொல்ல வேணாம், எனக்குப் புரிஞ்சிருச்சு. நல்லவேளை கேட்டேன்.” நன்றி சொல்வதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “பொண்ணப் பத்திக் கேக்கும்போது பேசாம நின்னா குத்தம் இருக்குன்னுதானக்கா அர்த்தம்?”

“நீங்கதான பாய், படியிறங்கக் கூடாதுன்னீங்க.”

“கெட்டதுக்குச் சொன்னேன். நல்லதுக்கு யாரு பூட்டுப் போட்டா? இப்பத் தேடிப் போய்ச் சொன்னா, பொண்ணு வீட்டுல சொல்லி அனுப்பிச்சதுன்னு நெனப்பாங்க.”

4. ஐந்தாவது தடவை

ஒரு மாதம் கழித்து வாசுகி தனியாக வந்து ஆறாவது மேசையில் உட்கார்ந்தாள். பொட்டு வைத்திருக்கவில்லை. ரோஸ் மில்க் கேட்டாள். வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“அவருக்குத் திருநள்ளாறு பக்கம் வேற எடம் முடிஞ்சிருச்சும்மா. அவங்க அம்மா கடையில விசாரிச்சாங்களாம். வேலை பாக்குற அம்மாவுக்கே சொல்ல வாய் வரலன்னாங்களாம்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களா?”

“ஆமா” என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நல்ல பொண்ணுன்னு சொல்லியிருக்கலாம்லம்மா. ரெண்டு வார்த்ததான.”

பாதி குடித்தாள், எழுந்தாள், படியிறங்கினாள். டம்ளரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

மாடி வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, பில், ஃபேன், ஸ்பூன் எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. யாராவது உங்களிடம் கேட்டால் குனியாதீர்கள். முகத்தைப் பார்த்து, கேட்ட உடனே சொல்லுங்கள். “முன்னாடி மூணு தடவ வந்திருக்கு. நல்ல பொண்ணு. எச்சி டம்ளரக்கூட அதுவே எடுத்து வைக்கும்.” வாசுகிக்காக இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். முட்டி வலி தாளாமல் வேலையை விடும்வரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.