சுக்கு என்று நினைத்தேன்

போன வாரம் பழவேற்காட்டில் ஒரு பெரிய பாவத்திலிருந்து மயிரிழையில் தப்பினேன். ஓலைப்பெட்டி வாங்கப் போன இடத்தில் பாவம் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? வந்தது.

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாமான் ஒன்றை வாங்காமல் திரும்ப மாட்டேன். ஆனால் சந்தேகப் பிராணி. ஒருமுறை கன்னியாகுமரியில் ஆசையாக வாங்கிய சிப்பி விளக்கின் அடியில் வேறு ஏதோ தேசத்து ஸ்டிக்கர்! அன்றிலிருந்து விற்பனைக்குத் தொங்கும் எதையும் நம்புவதில்லை.

அங்கே கோட்டைக்குப்பத்தில் சரளா என்ற அம்மா பனை ஓலைப் பெட்டி பின்னி வீட்டிலேயே விற்கிறார். புருஷன் ஏரியில் இறால் பிடிப்பவர். பச்சை, ரோஸ் என்று சாயம் போட்ட புதுப் பெட்டிகளை எடுத்து வைத்தார். என் கண்ணோ உள்ளே அலமாரியில், கைபட்டுப் பழுப்பேறிய ஒரு பெட்டியின் மேல் போயிற்று. நீங்கள் புழங்குகிற அதுதான் அசல், அதைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தேன்.

"இன்னாண்ணா, புதுசு வேணாங்குற, பழசக் கேக்குற?" என்று சிரித்தவர், உள்ளே இருந்த ஊக்கு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டுக் கொடுத்தார். ஒரு பெரிய கூடைக்கும் சொல்லி, முடிந்ததும் கூப்பிட நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொன்னேரி பஸ் இன்னும் வரவில்லை. டீ சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடி மடிப்பில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று செருகியிருந்தது. அவிழ்த்தால்... கறுத்துச் சுருங்கிய ஒரு துண்டு.

சுக்கு! எனக்கோ தொண்டைக் கட்டு. ஆறாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனராக, ஓட்டல் ஆளாக ஊர் ஊராகத் திரிந்தபோது கிடைத்ததைத் தின்றுதான் பழக்கம். யோசிப்பேனா? கடிக்க வாயருகே கொண்டுபோகிறேன் — போன் அடித்தது.

"அண்ணா, அந்தப் பொட்டில துணி முடிச்சு எதுனா இருந்துச்சா?" சரளாதான்.

இருக்கிறது, சுக்குதானே என்றேன்.

"சுக்கில்லண்ணா. எம் பேரனோட தொப்புள் கொடி."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் மீனா, அம்மாவிடம் சொல்லாமல் அதை அங்கே பத்திரப்படுத்தியிருக்கிறாள். தலைச்சன் பிள்ளை. வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்ட வேண்டும். தாயத்துகூடத் தயார். உள்ளே வைக்க வேண்டியதைத்தான் நான் மென்று முடித்திருப்பேன்!

ஷேர் ஆட்டோ பிடித்தேன். முடிச்சை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டே போனேன். காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால்?

தெருவிலேயே நின்றிருந்தாள் மீனா. தோளில் குழந்தை, அழுது வீங்கிய முகம். முடிச்சைப் பிடுங்கிப் பிரித்தாள். பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

கடிக்கப் போன கதையையும் சொல்லிவிட்டேன்.

"கொயந்தையக் கடிக்கிற மாமனப் பாத்துகீறேன். தொப்புள் கொடியக் கடிக்க வந்த மாமன இப்பத்தாண்ணா பாக்குறேன்" என்றார் சரளா. மீனாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பழைய பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டு, ரோஸ் கலரில் ஒரு புதுப் பெட்டி வாங்கிக்கொண்டேன்.

அசல் வேண்டும் என்று அலைகிறவர்களே, விற்க வைத்திருப்பதை மட்டும் வாங்குங்கள். வீட்டில் புழங்கும் பெட்டி காலியாக இருக்கவே இருக்காது — கொட்டிக் காட்டினாலும்!