பாத்து, மக்ளே!

ஐஸ் என்றால் எங்களுக்கு மீனுக்குப் போடுவது. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்த எனக்கு, அதன்மேல் காலை வைத்துச் சறுக்கி விளையாடுவார்கள் என்பதே துபாய்க்கு வந்த பிறகுதான் தெரியும். இங்கே ஒரு மாலுக்குள் பனிமலையே கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே மூக்கு நுனி மரத்துப்போகிறது.

அங்கே நடக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான பனிச்சறுக்குப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் என் மகள் என்னிடம் சொன்னாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

"கண்ணு தெரியிறவனே உருண்டு விழுறான். ஒனக்கு எதுக்கு மக்ளே இந்த வேண்டாத வேல?" என்று கத்தினேன்.

"நீ வந்து பாரு, பொறவு பேசு" என்றாள். வாய் மட்டும் அப்படியே என்னை உரித்து வைத்தது.

பார்வையற்றவர்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி சறுக்கிக்கொண்டே இடது, வலது என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். என் மகளுக்கு வாய்த்தவள் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். கணீரென்ற குரல்.

பயிற்சியின்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். மகள் நன்றாகத்தான் வந்தாள். வளைவில் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தாள், அவ்வளவுதான். "மக்ளே, பாத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் தலை என் பக்கம் திரும்பியது. வழிகாட்டியின் குரலைத் தவறவிட்டுக் குப்புற விழுந்தாள்.

அந்தப் பெண் என்னிடம் வந்து, நான் கத்திய வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. இந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து 'பாத்துப் போ, பாத்து எறங்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகள் பனியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். வழிகாட்டி சிரிக்கவில்லை.

"மேடம், போட்டியன்று அவளுக்கு ஒரே குரல்தான் கேட்க வேண்டும். உங்கள் குரல் கேட்டால் நின்றுவிடுவாள். நின்றால் எல்லாம் போச்சு" என்றாள்.

நான் நர்ஸ். ஐ.சி.யூ. வாசலில் சத்தம் போடும் சொந்தக்காரர்களை அடக்குவதும் என் டியூட்டிதான். என்னை அடக்கத்தான் ஆளில்லை. போட்டியைப் பார்க்க, அபுதாபி பக்கம் ருவைஸில் பார்க்கும் வேலைக்கு லீவு போட்டு வந்த வீட்டுக்காரரிடம், "நான் வாயத் தொறந்தா பொத்திருங்க" என்று சொல்லி வைத்தேன்.

"இத்தன வருசமா முடியாத காரியத்த இன்னைக்கு செய்யச் சொல்லுதியே" என்றார்.

மகளின் முறை வந்ததும் மைக்கில் அமைதி காக்கச் சொன்னார்கள். பாட்டு நின்றது. அபாயா அணிந்த அம்மாக்கள், சக்கர நாற்காலியில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள், ஆரவாரம் செய்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் கப்சிப். முன்பின் தெரியாத அத்தனை பேரும் என் மகளுக்கு வழிகாட்டியின் குரல் கேட்க வேண்டுமே என்று மூச்சை அடக்கி நின்றார்கள். எந்த ஊர், எந்த பாஷை என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு நான் யாரிடம் போய் நன்றி சொல்வேன்? மாதாவிடம்தான் சொன்னேன்.

மேலேயிருந்து அந்தக் கணீர்க் குரல் இறங்கி வந்தது. பின்னாலேயே என் மகள். அதே வளைவில் அதே மாதிரி சாய்ந்தாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மஃப்ளரைக் கடித்துக்கொண்டேன். அவள் தானாக நிமிர்ந்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டினாள்.

அதற்குப் பிறகுதான் அந்த இடமே அதிர்ந்தது. மெடல் கிடைக்கவில்லை. யாருக்கு வேண்டும் மெடல்? தடுப்பைத் திறந்துகொண்டு அவளை நோக்கி ஓடினேன். வழுக்கிப் பொத்தென்று விழுந்தேன்.

சத்தம் கேட்டு மகள் திரும்பினாள். "அம்மா, பாத்து!" என்றாள்.

"மேடம், பாத்து!" என்றாள் வழிகாட்டியும், அதே கணீர்க் குரலில்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சத்தம் வந்த பக்கமாக மகள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.