மறுப்புக்கு முன்னால்

எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இந்த மனிதருடைய வலது ஆட்காட்டி விரல் எழுந்துவிடும். "அதெல்லாம் சரி, ஆனா..." என்று தொடங்குவார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. லிஃப்டின் கூரைமேல் கிரீஸ் கையோடு நின்றபடியே, கீழே இருக்கும் காவலாளியோடு அன்றைய வானிலை அறிக்கையைப் பற்றி வழக்காடுவார். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் எதிர்க்கட்சி. அந்தப் பெயரையும் அவர் எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. சொந்தக் கல்யாணத்திலேயே புகைப்படக்காரரோடு மல்லுக்கு நின்ற மனிதர்.

மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் பட்டம் வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு கட்டாயப் பாடம், ஆராய்ந்து சிந்திப்பதும் வாதக் கட்டுரை எழுதுவதும். "இதுக்கெல்லாமா கிளாஸு? பொறந்ததுலேருந்து நான் இதத்தானே பண்ணிட்டிருக்கேன்" என்று மனைவியிடம் மார்தட்டினார். முதல் கட்டுரையிலேயே மண்ணைக் கவ்வினார். தாளின் ஓரத்தில் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: எதிர்த்தரப்பு எங்கே?

அந்த ஆசிரியைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மறுப்பதற்கு முன்னால் எதிர்த்தரப்பை எழுத வேண்டும். அந்தத் தரப்புக்காரர் ஒருவரிடம் அதை வாசித்துக் காட்ட வேண்டும். "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று அவர் தலையாட்டிய பிறகுதான் மறுப்பில் கை வைக்கலாம். இறுதிக் கட்டுரைக்கு எதிர்க்கட்சி எடுத்த தலைப்பு, 'நோயாளி சிகிச்சையை மறுக்கக் கூடாது'. தலையாட்ட வேண்டிய ஆள் அவர் வீட்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார்.

மனைவிக்குப் புற்றுநோய் திரும்பியிருந்தது. மறுபடியும் மருந்து ஏற்றினால் ஆயுள் கொஞ்சம் நீளலாம் என்றார் மருத்துவர். வேண்டாம் என்றார் அந்தம்மா. வருகிற திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் பேசி மாற்ற முடியாத மனதை எழுத்தாலாவது மாற்றிவிடலாம் என்ற நப்பாசையில்தான் அவர் அந்தத் தலைப்பையே எடுத்தார்.

வலிக்குப் பயந்து மறுக்கிறார்கள் என்று முதலில் எழுதி, வாசித்துக் காட்டினார். "இல்லங்க" என்றார் அந்தம்மா. குடும்பத்துக்குப் பாரமாக இருக்க மனமில்லாமல் மறுக்கிறார்கள் என்று மாற்றி எழுதினார். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்குப் பாரமா இருக்க எனக்கென்ன கூச்சம்? இதெல்லாம் எனக்காக நீங்களே பேசிக்கிறது. என்னைக் கேட்டீங்களா?"

கேட்டிருக்கவில்லை. லிஃப்டில் கோளாறு என்றால் கதவில் காதை வைத்து, மூச்சை அடக்கிக் கேட்கத் தெரிந்தவர்தான். வீட்டில் அந்தக் காதைப் பயன்படுத்தியதில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, சொல்லு."

"போன தடவ மருந்து ஏத்தினப்ப விரலெல்லாம் மரத்துப் போச்சு. டம்ளர் சுடுறதுகூடத் தெரியல. அது போகட்டும். நீங்க நாள் முழுக்க என் கையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்களாம். கண்ண மூடிக் கிடந்த எனக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரியும்." அந்தம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி திரும்பியிருக்கு. இருக்கிற நாள் கம்மியா இருந்தாலும் பரவால்லங்க. நீங்க தொட்டா எனக்குத் தெரியணும்."

அதை அப்படியே எழுதினார். வாசித்தபோது அந்தம்மா தலையாட்டினார். அந்தப் பாதிக்கு ஆசிரியை முழு மதிப்பெண் போட்டு, 'அருமை. இனி மறுப்பை எழுதுங்கள்' என்று குறித்திருந்தார். படிப்பில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதை மனைவியிடம் காட்டாமல் மடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலருகே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். மறுப்பை எழுதிவிட்டால் தேர்ச்சி உறுதி. காரணங்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பெரியது, மனைவி இல்லாத வீட்டுக்குள் நுழைய அவருக்கு இருந்த பயம். அதைக் கட்டுரையில் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"எழுதலையா?" என்றார் அந்தம்மா. "நாளைக்கு ஆஸ்பத்திரிலயும் கேப்பாங்களே."

பழக்கதோஷத்தில் விரல் எழுந்தது. "அதெல்லாம் சரி..." என்றார். எழுந்த விரல் மெல்ல இறங்கி, போர்வைமேல் கிடந்த மனைவியின் உள்ளங்கையில் நின்றது.

"தெரியுதா?"

அந்தம்மா தலையாட்டினார்.