ஊர்ப்பெயரின் முதல் ஒலி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்திருந்தார் அந்த வேல்ஸ்காரர். சிவந்த முகம், நரைத்த புருவம். யாரைக் கண்டாலும் தன் ஊர்ப்பெயரைச் சொல்லச் சொல்வார். அதன் முதல் எழுத்துக்கு, 'ல' சொல்வதுபோல நாக்கை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊத வேண்டும்.

"இன்னா சார், காத்துதான் வருது, பேரு வரமாட்டேங்குது" என்பார் வேன் டிரைவர். வேல்ஸ்காரர் சிரிப்பார், ஆனால் முகம் வாடிவிடும்.

ஒருநாள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கோசா மொழி பேசும் பெண் பொறியாளர் ஒருவர் வந்தார். மாலை வேனில் திரும்பும்போது வேல்ஸ்காரர் அவரிடமும் ஊர்ப்பெயரைச் சொல்லச் சொன்னார். அவர் முதல் தடவையே சுத்தமாகச் சொல்லிவிட்டார்.

"எங்க மொழியில 'உட்காரு'ங்கிற சொல்லே இப்படித்தான் தொடங்கும்" என்றார். மாடு ஓட்டுகிறவர்போல நாக்கைச் சொடுக்கும் கோசா ஒலிகள் வேல்ஸ்காரரின் வெல்ஷ் மொழியில் கிடையாது. இந்த ஒலி மட்டும் இரண்டிலும் உண்டாம்.

வேல்ஸ்காரர் உடனே ஊரிலிருந்த மனைவிக்குப் போன் போட்டு, அதைப் பொறியாளர் கையில் கொடுத்து, அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னார். மனைவி யாரோ ஊர்க்காரி என்று நினைத்து வெல்ஷில் கடகடவெனப் பேசத் தொடங்கினார். ஒன்றும் புரியாவிட்டாலும் பொறியாளர் சிரித்தபடி 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார்.

மீஞ்சூர் வரும்வரை வேல்ஸ்காரர் போனைத் திருப்பிக் கேட்கவேயில்லை.