அக்கா வாங்கிக் கொடுத்த மன்னிப்பு

இதைக் கேட்டுவிட்டு "சும்மா கதை விடாதே" என்று சொன்னவர்கள் நிறைய பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் அங்கே இருந்தேன், அவர்கள் இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை. பட்டப்பகல், மூணேகால் மணி, கடை திறந்திருந்தது.

நான் ஒரு லாண்டிரியில் வேலை பார்க்கிறேன். முன்னால் கவுன்டர், பின்னால் மெஷின்கள், நடுவில் தலைக்கு மேலே சுற்றி வரும் நீளமான கம்பி. தேய்த்த துணியெல்லாம் அதில்தான் தொங்கும். பெடலை மிதித்தால் மோட்டார் ஓடும், கம்பி நகரும். வந்தவருடைய கோட்டு தானாக நடந்து வருகிற மாதிரி முன்னால் வந்து நிற்கும். சின்னப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அக்காவும் என்னோடு அங்கேதான் வேலை பார்த்தாள். இடது கைக்காரி. அவள் மாட்டிய ஹேங்கரின் கொக்கி எப்போதும் எதிர்ப் பக்கம் பார்த்திருக்கும். "உன்னால எனக்கு ரெட்டை வேலைக்கா" என்று முனகிக்கொண்டே நான் திருப்பி மாட்டுவேன். "உன் கைதாண்டி கோணல்" என்பாள்.

அவளை அவள் புருஷன் கொன்றான். ஐந்து வருஷம் நான் வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டவன். கழுத்தை நெரித்துவிட்டு, "கோபத்துல நடந்துபோச்சு" என்று கோர்ட்டில் அழுதான். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, அப்படிச் சாக நாலு நிமிஷமாவது ஆகும் என்றார். அந்த நாலு நிமிஷத்தை நான் கடிகாரத்தைப் பார்த்தபடி எத்தனையோ தடவை உட்கார்ந்து கழித்திருக்கிறேன். நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு நீளம் என்று தெரியும்.

தூக்கு என்று தீர்ப்பானது. மேல்முறையீடெல்லாம் தீர்ந்து, வெள்ளிக்கிழமை விடிகாலை என்று நாள் குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவனுடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கடைக்கு வந்தார். கூடவே அவனுடைய வக்கீலம்மா. கையில் ஒரு மனு. 'அவரைத் தூக்கிலிட வேண்டாம்' என்று எங்கள் வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், மேலிடம் ஆயுள் தண்டனையாக மாற்றிவிடுமாம்.

"அவனைக் கொன்னா உங்க அக்கா எழுந்து வந்துடுவாங்களா?" என்றார் வக்கீலம்மா. "ஒரு உயிரை எடுத்தது தப்புன்னா, இன்னொரு உயிரை நாம எடுக்கிறது மட்டும் எப்படிம்மா சரியாகும்?"

"நாலு நிமிஷம் அவ துடிச்சிருக்கா மேடம். இந்த நியாயத்தை அப்ப யாரும் அவன்கிட்ட பேசலையே."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வயித்துல பொறந்து தொலைச்சிட்டான். நான் என்னம்மா செய்வேன்?"

ஒரு நொடி எனக்கும் நெஞ்சு இளகியது. மேலும் இளகவிடாமல் நெஞ்சை இறுக்கிக்கொண்டேன்.

"போங்க அத்தை. அவன் தொங்கணும். அதை நான் பார்க்கணும்."

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "நல்லா கேட்டே" என்றார். அக்கா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அத்தையும் வக்கீலம்மாவும் கவுன்டரில் வைத்துவிட்டுப் போன மனுவை நான் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்திருந்தேன்.

புதன்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினேன். ஏதோ சரியில்லை. என்னவென்று உடனே பிடிபடவில்லை. மேலே பார்த்தேன். கம்பியில் தொங்கிய அத்தனை ஹேங்கரின் கொக்கியும்... எதிர்ப் பக்கம் பார்த்திருந்தது.

தேய்க்கிற மேஜையில் அந்த மனு. சுருக்கமே இல்லாமல். யாரோ அதைத் தேய்த்திருந்தார்கள்.

முதலாளிக்கு போன் போட்டேன். "கடைக்கு வந்தீங்களா சார்?"

"நான் ஊர்லயே இல்லையே. சாவி உன்கிட்டதானே இருக்கு?"

என்னிடம்தான் இருந்தது.

காகிதத்தைக் கசக்கினேன். இந்தத் தடவை தெருமுனைத் தொட்டியில் போட்டேன். குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை. விடிந்தால் தூக்கு. பேய் மழை என்று சாதாரணமாகச் சொல்வோமே, அப்படி ஒரு மழை. கடையில் நான் மட்டும். மத்தியானம் கரண்ட் போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மணி மூணேகால்.

க்ரீச்...

கம்பி நகர்ந்தது.

நான் பெடல் பக்கமே இல்லை. கரண்டும் இல்லை.

சட்டைகள், கோட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின. தலையில்லாதவர்கள் வரிசையில் போவது போல. பிறகு கம்பி நின்றது. என் முகத்துக்கு நேரே ஒரு ஹேங்கர். அதில் துணி இல்லை.

அந்த மனு கிளிப் போட்டுத் தொங்கியது.

தொட்டேன். சூடாக இருந்தது.

"அக்கா?"

பின்னால் ஒரு மூச்சு. இழுத்து... இழுத்து... உள்ளே போக வழி கிடைக்காத மூச்சு.

திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

"அவனை விடச் சொல்றியா?"

மூச்சு நின்றது.

"உன்னைக் கொன்னவன்க்கா..."

ஒரு கை என் கை மேல் விழுந்தது. பனிக்கட்டி.

பேனாவைப் பிடித்தது என் விரல்கள்தான்.

நகர்த்தியது நான் இல்லை.

அழுத்தம்... எலும்பு நோகும் அழுத்தம்...

முடிந்தது.

என் கையெழுத்துதான். சாய்வு அவளுடையது.

விளக்கெல்லாம் எரிந்தது. ஓடினேன். செருப்புக்கூடப் போடாமல், மனுவை நனையாமல் உடைக்குள் செருகிக்கொண்டு, மழையோடு வக்கீலம்மா ஆபீஸ் வரை ஓடினேன். நனைந்துபோய் நின்ற என்னை அவர் ஏன் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். ராத்திரி செய்தியில் சொன்னார்கள். தூக்கு ரத்து. ஆயுள் முழுக்கச் சிறை.

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். நடந்ததைச் சொன்னேன். ஓங்கிய கை அப்படியே தொங்கிப்போனது. "அவ அப்படித்தான்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். "மன்னிச்சிட்டாளே... என் பொண்ணு அவனைக்கூட மன்னிச்சிட்டாளே!"

எனக்கு வெட்கமாக இருந்தது. செத்தவளே இரங்கிவிட்டாள், உயிரோடு இருக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேனே என்று. அதற்கப்புறம் நான் ஆளே மாறிப்போனேன். எவனையாவது தூக்கில் போடச் சொல்லி யாராவது கத்தினால், "வேண்டாங்க, அதுவும் ஒரு உயிர்தானே" என்று நான்தான் முதலில் சொல்வேன். அத்தையைக்கூட இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது.

போன மாதம் ஒரு போன் வந்தது. "ஹலோ" என்றேன். எதிர்முனையில் பேச்சே இல்லை. நான்கைந்து தடவை "ஹலோ, யாருங்க?" என்று கேட்ட பிறகுதான் குரல் வந்தது. அவன் இருக்கும் சிறையில் ராத்திரிக் காவல் பார்க்கும் வார்டராம்.

"அவன் உங்ககிட்ட ஒண்ணு கேட்கச் சொன்னான்மா. தினமும் என் காலைப் பிடிச்சு அழறான். நீங்க எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கணுமாம். தன்னைத் தூக்குலயே போட்டுடச் சொல்றான்."

"ஏன்?"

"தூங்க விடலையாம். யாருன்னு சொல்ல மாட்டேங்கிறான். மூணு தடவை சாகப் பார்த்துட்டான். மூணு தடவையும் காப்பாத்திட்டோம்."

"நல்ல வேளை. நீங்க பார்த்தீங்க."

"நான் பார்க்கலைம்மா. அவன் செல் அந்தக் கோடியில இருக்கு, நான் உட்கார்ற இடத்துலேர்ந்து தெரியாது. கூப்பிட்டாங்க. 'சீக்கிரம் வாங்க, அவன் செத்துடப் போறான்'னு. மூணு தடவையும் கூப்பிட்டாங்க."

"யாரு?"

"ஒரு பொம்பளைக் குரல். அது ஆம்பளைங்க ஜெயிலும்மா. ராத்திரியில பொம்பளை யாரும் உள்ளே வர முடியாது. இப்ப நீங்க ஹலோன்னு சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. அதே குரல்மா."

போனில் என் குரலையும் அக்கா குரலையும் பெற்ற அப்பாவால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது.

வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல், "அவன் உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுதாம்மா டாக்டருக்கே ஆச்சரியம். தூக்கமே இல்லை, ஆனா ஒரு நோய் நொடி கிடையாது. இன்னும் நாற்பது வருஷம் தாராளமா இருப்பான்னு சொல்றார்."

அவனுக்கு இப்போது வயது முப்பத்தாறு.